சொற்கட்டம் போட்டுச் சொல் பழக்குவது எப்படி? தேயிலைத் தோட்டப் பாடசாலைக்குப் புதிதாக வரும் ஆரம்பப் பிரிவு ஆசிரியருக்கு

தரம் 3, 4, 5இல் ஒன்றைப் பொறுப்பெடுத்த முதல் மாதத்திலேயே இது தெரிந்துவிடும். பிள்ளைகள் பாடத்தைக் கடகடவென்று வாசிக்கிறார்கள். வாசித்து முடித்ததும் "சிக்கனம் என்றால் என்ன?" என்று கேட்டால் வகுப்பே வாயடைத்துப் போகிறது. பாடநூலின் பின்பக்கத்து அருஞ்சொல் பொருளைப் பத்துத் தடவை எழுதவைத்தால் எழுதுவார்கள். அடுத்த திங்கட்கிழமை கேட்டால் மறுபடியும் அதே மௌனம்.

சொல்லின் பொருளைக் கட்டம், வலை, ஏணி, வட்டம் என்று படமாக்கிப் பேசவைக்கும் முறை இந்த இடத்தில் கைகொடுக்கும். ஆனால் படம் வரைந்தாலே சொல் வந்துவிடும் என்று எண்ணினால் ஏமாறுவீர்கள். கட்டத்தை நிரப்பும்போது பிள்ளைகள் போடுகிற சண்டையில்தான் சொல் ஒட்டுகிறது. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தச் சண்டைக்கு நேரம் ஒதுக்குவதற்காகத்தான்.

1. வாரத்துக்கு ஐந்து சொல், அதில் ஒன்றுக்கு மட்டும் முழுப் படம்

அடுத்த வாரம் வரப்போகும் தமிழ்ப் பாடத்தையும் சுற்றாடல் பாடத்தையும் முந்திய வெள்ளிக்கிழமையே வாசித்துவிடுங்கள். கடினமாகத் தோன்றும் சொற்களைக் குறித்தால் 15, 20 சேரும். அவற்றை மூன்று கேள்விகளால் சலியுங்கள். இந்தச் சொல் வேறு பாடத்திலும் வருமா? இது தெரியாவிட்டால் பாடம் புரியாமல் போகுமா? பிள்ளை தன் வாயால் இதைச் சொல்லும் சந்தர்ப்பம் உண்டா? மூன்றுக்கும் 'ஆம்' வரும் சொல்லை எடுங்கள். அவதானி, ஒப்பிடு, சேகரி, காரணம், விளைவு, மாசு, பாதுகாப்பு போன்றவை கணிதத்திலும் சுற்றாடலிலும் திரும்பத் திரும்ப வருபவை. அவற்றில் செலவழித்த நேரம் வீணாகாது. ஒரே கதையில் ஒரு தடவை வந்து மறையும் பழஞ்சொல்லுக்கு வாயால் பொருள் சொல்லிவிட்டு நகருங்கள்.

"தெரியுமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "தெரியும் டீச்சர்" என்று 30 குரலும் சேர்ந்து வரும், அதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. "மழைக்காலத்தில் எதைச் சேகரிப்பீங்க?" என்று சொல்லைப் பயன்படுத்தியே கேளுங்கள். பதில் சறுக்கினால் அந்தச் சொல் பட்டியலில் நிற்கட்டும்.

ஒரு தவணையில் 12 வாரம் கிடைத்தால் 10 வாரத்துக்குத் திட்டமிடுங்கள். அது 50 சொல். மிச்சம் இரண்டு வாரத்தைத் தவணைப் பரீட்சையும் தோட்டத்துத் திருவிழாவும் எப்படியும் எடுத்துக்கொள்ளும்.

2. எந்தச் சொல்லுக்கு எந்தப் படம்

புதியவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். ஒரே படத்தைப் பழகிக்கொண்டு எல்லாச் சொல்லையும் அதற்குள் திணிப்பார்கள்.

*சொற்கட்டம்*: நான்கு அறை, நடுவில் சொல். பொருள், இயல்புகள், உதாரணம், உதாரணம் அல்லாதது. 1969இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் டொரதி பிரேயரும் உடனிருந்தோரும் வகுத்தது. கையில் எடுத்துக் காட்ட முடியாத சொற்களுக்கும் (சிக்கனம், ஒற்றுமை, பொறுப்பு), பாலூட்டி, ஊர்வன போன்ற வகைப் பெயர்களுக்கும் இது பொருந்தும். 'குடை'க்குச் சொற்கட்டம் போடுவது நேர விரயம். குடையைக் காட்டினால் முடிந்தது.

*சொல்வலை*: ஒரு தலைப்பைச் சுற்றித் தெரிந்த சொற்களைக் கிளைகளாகப் பிரிப்பது. புதிய அலகு தொடங்கும் நாளுக்கு நல்லது.

*வென் வரிப்படம்*: ஒன்றின்மேல் ஒன்று பாதி படியும் இரண்டு வட்டங்கள், பொதுவானது நடுவில். ஒன்றோடொன்று குழம்பும் இரண்டு சொற்களுக்கு. வாவி, நீர்த்தேக்கம் இரண்டையும் எடுத்துப் பாருங்கள். காசல்ரீ, மவுசாகலை, கொத்மலை ஆகியவை அணை கட்டித் தேக்கியவை என்று பிள்ளைகள் ஒரு வட்டத்தில் போட்டுவிடுவார்கள். நுவரெலியா கிரகறி வாவி பெயரில் வாவி, ஆனால் அதுவும் மனிதர் உண்டாக்கியதுதான். அதை எந்த இடத்தில் வைப்பது என்று கேட்டால் வகுப்பு சூடுபிடிக்கும்.

*இயல்பு அட்டவணை*: இடப்பக்கம் பொருட்கள், மேலே இயல்புகள், பெட்டிக்குள் ✓ அல்லது ✗. நம் பிள்ளைகளுக்கு மரக்கறி கைவந்த விஷயம். கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி, உருளைக்கிழங்கு ஐந்தையும் கீழே கீழே எழுதி, மேலே 'மண்ணுக்குள் விளையும்', 'வேரை உண்கிறோம்', 'தண்டை உண்கிறோம்', 'இலையை உண்கிறோம்' என்று போடுங்கள். உருளைக்கிழங்குக்கு எல்லோரும் 'வேர்' என்று சரி போடுவார்கள். முளைவிட்ட கிழங்கு ஒன்றைக் கொண்டுவந்து கண்களைக் காட்டுங்கள். கண்ணில் முளை வருவதால் அது தண்டு. லீக்ஸின் வெள்ளைப் பகுதியையும் தண்டு என்பார்கள். உரித்துக் காட்டினால் இலையின் அடிப்பகுதிகள் ஒன்றை ஒன்று சுற்றியிருப்பது தெரியும்.

*சொல் ஏணி*: ஒரே குணத்தின் கூடுதல் குறைவுக்கு. முணுமுணு, பேசு, கூப்பிடு, கத்து, அலறு என்று ஏறும். மழையை ஏணியில் ஏற்றும்போது கவனம் தேவை. தூறல், மழை, பெருமழை மூன்றும் வலுவைச் சொல்வதால் ஏறும். அடைமழை விடாமல் பெய்வதைச் சொல்கிறது, சாரல் காற்று சாய்த்து அடிப்பதைச் சொல்கிறது. இந்த இரண்டும் ஏணியின் படியாகா. பக்கத்தில் தனிக் கிளையாக வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடுக்கிய ஏணிப்படம் வகுப்பறைச் சுவர்களில் நிறையத் தொங்குகிறது. பிள்ளைகள் பிழையாகவே படிக்கிறார்கள்.

3. பொருட்களும் செலவும்

அச்சடித்த கட்டங்களைப் போட்டோ கொப்பி எடுக்க ஓடாதீர்கள். 30 பிள்ளைகள், வாரம் ஒரு பக்கம், 12 வாரம் என்றால் 360 பிரதி. பக்கத்துக்கு 10 ரூபா என்று வைத்தாலும் தவணைக்கு 3,600 ரூபா, அதுவும் உங்கள் பையிலிருந்து. டவுனுக்குப் போய்வரும் பஸ் காசு தனி.

மடித்தால் போதும். ஏ4 தாளைப் பாதியாக வெட்டி ஒரு பிள்ளைக்கு ஒரு பாதி. 30 பேருக்கு வாரம் 15 தாள், தவணைக்கு 180. 500 தாள் கட்டு ஒன்று இரண்டு தவணைக்குத் தாங்கி மிச்சமும் வரும்.

மடிக்கும் விதம்: பாதித் தாளை நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை மடியுங்கள். இப்போது நான்கு மூலைகளில் ஒன்றில் மட்டும் திறந்த ஓரமே இராது. அந்த மூலையை 3 சென்றிமீற்றர் அளவு முக்கோணமாக மடித்து நகத்தால் அழுத்துங்கள். விரித்தால் நான்கு அறையும் நடுவில் ஒரு சாய்சதுரமும் கிடைக்கும். சொல் அந்தச் சாய்சதுரத்துக்குள். முதல் தடவை பாதிப் பிள்ளைகள் வேறு மூலையை மடிப்பார்கள், கோடுகள் தாளின் ஓரத்தில் விழும். ஆகவே "மூடின மூலையைத் தொடுங்க" என்று சொல்லி, எல்லார் விரலும் சரியான இடத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு மடிக்கச் சொல்லுங்கள்.

வேறு தேவைகள் சிறியவை. வகுப்புக்கு வாரம் ஒரு டிமை தாள் (சுவரில் தொங்கவிடும் பெரிய தாள்), அழியாத மார்க்கர் கறுப்பும் சிவப்பும் ஒவ்வொன்று, 4 மீற்றர் நைலோன் கயிறு, 12 உடுப்புக் கிளிப். தண்ணீரில் கரையும் ஃபெல்ட் பேனா வேண்டாம். பனி இறங்கும் மாதங்களில் எழுத்து ஊறிக் கலங்கிவிடும். பசை தடவிச் சுவரில் ஒட்டுவதும் வேண்டாம். ஈரச் சுவரில் இரண்டு நாள் நிற்காது, நின்றால் பின்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். கயிறும் கிளிப்பும் ஒரு வருடம் உழைக்கும்.

ஒரே மண்டபத்தில் நான்கு வகுப்பு, கரும்பலகையும் பங்கு என்றால் சீமெந்துத் தரையைப் பயன்படுத்துங்கள். 6 அடிச் சதுரத்தை வெண்கட்டியால் வரைந்து நான்காகப் பிரித்து, பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்தால் பலகையைவிட நன்றாகவே வேலை நடக்கும்.

4. முதல் கட்டத்தை வகுப்பாகச் சேர்ந்து போடுங்கள்

'சிக்கனம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 35 நிமிடம் வேண்டும். முந்திய நாளே கீழுள்ளவற்றைச் சீட்டுகளில் எழுதிவையுங்கள்:

- பகலில் எரியும் பல்பை அணைப்பது
- கட்டைப் பென்சிலைப் பேனா மூடியில் செருகி எழுதுவது
- விறகை நனையாமல் அடுக்கி, வேண்டிய அளவு எரிப்பது
- பாதி எழுதிய கொப்பியை வீசிவிட்டுப் புதிது கேட்பது
- காய்ச்சலில் கிடக்கும் தம்பிக்கு மருந்து வாங்காமல் காசைப் பூட்டிவைப்பது
- தேய்ந்துவிடும் என்று நண்பனுக்கு அழிறப்பர் கொடுக்க மறுப்பது
- உண்டியலில் 20 ரூபா போடுவது

முதல் 5 நிமிடம் சொல்லுக்கு மட்டும். சொல்லுங்கள், சொல்லவையுங்கள், சாய்சதுரத்தில் எழுதுங்கள். ல-ள-ழ, ன-ண-ந, ர-ற இவற்றில் எது வந்தாலும் அந்த எழுத்தைச் சிவப்பில் எழுதுங்கள். பேச்சில் இவை கலந்துவிடுவதால் எழுத்துப்பிழை முக்கால்வாசி இங்கேதான் பிறக்கிறது.

அடுத்த 12 நிமிடம் சீட்டுகளுக்கு. ஒரு பிள்ளை ஒரு சீட்டை வாசித்து 'உதாரணம்' அல்லது 'உதாரணம் அல்லாதது' அறையில் வைக்கிறது. மற்றவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் கை உயர்த்திக் காரணம் சொல்லவேண்டும். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். கொப்பியை வீசியது எளிதாகப் போய்விடும். மருந்து வாங்காததிலும் அழிறப்பரிலும்தான் வகுப்பு இரண்டாகப் பிரியும். "காசு செலவாகலதானே, அப்ப சிக்கனந்தானே?" என்று யாராவது கேட்பார்கள். கஞ்சத்தனம் என்ற சொல்லைக் கொண்டுவர வேண்டிய நேரம் அதுதான். உண்டியல் சீட்டு 'சேமிப்பு'க்கு வழிவிடும். அதைக் கோட்டின்மேல் வையுங்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் அறை இருந்தாக வேண்டும் என்றில்லை.

"பீலியில எப்பவும் தண்ணி ஓடுதே, அது வீண்செலவா?" என்று ஒரு பிள்ளை கேட்டால் (பீலி என்பது மூடாமல் தண்ணீர் விழும் பொதுக் குழாய்வாய்) அன்றைய பாடம் வெற்றி. பதிலை நீங்கள் சொல்லிக் கெடுக்காதீர்கள்.

பிறகு 8 நிமிடம் இயல்புகள். உதாரண அறையிலுள்ள சீட்டுகள் எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது என்ன? 'தேவைக்குச் செலவழிப்பது', 'வீணாக்காதது' என்று வரும். கடைசி 10 நிமிடத்தில்தான் பொருள். பிள்ளைகள் சொன்ன வசனத்தையே எழுதுங்கள்: "வேண்டியதுக்குச் செலவழிப்போம், வீணாக்க மாட்டோம்." பாடநூல் தமிழுக்கு மாற்றும் வேலையையும் அவர்களே செய்யட்டும்.

பொருள் அறையை முதலில் நிரப்பினால் முறை முழுவதும் படுத்துவிடும். அகராதி வசனத்தைப் பார்த்து எழுதிவிட்டு மற்ற மூன்று அறைகளையும் சடங்காக நிரப்புவார்கள்.

தாளின் பின்பக்கம் சொல்லின் குடும்பத்துக்கு: சிக்கனம், சிக்கனமாக, சிக்கனமான. 'பாதுகா' என்றால் பாதுகாப்பு, பாதுகாத்தல், பாதுகாவலர். தமிழில் சொல் இப்படி உருமாறித்தான் வாசிப்பில் வரும். தலைச்சொல்லை மட்டும் பழகிய பிள்ளை 'சிக்கனமாகச் செலவிட்டாள்' என்பதில் அதை அடையாளம் காணாது.

5. 'உதாரணம் அல்லாதது' அறையில் வரும் கோளாறு

'பாலூட்டி'க்கு உதாரணம் அல்லாதது என்று 'கல்' எழுதுவார்கள். பிழை என்று சொல்ல முடியாது, பயனும் இல்லை. "பார்த்தால் அதுபோல இருக்கவேண்டும், ஆனால் அது இல்லை" என்று விதி வையுங்கள். அப்போது கோழி, முதலை என்று வரும். பறக்கிறதே என்று வௌவாலையும் இந்த அறையில் போடுவார்கள். குட்டி போட்டுப் பால் கொடுப்பதால் அது உதாரண அறைக்குப் போகவேண்டியது. எதிர்ச்சொல்லை மட்டும் எழுதிவிட்டு ஓய்வதும் வழக்கம். இந்த அறையில் குறைந்தது இரண்டு, அவற்றில் ஒன்றுக்குக் காரணம் என்று கேளுங்கள்.

6. வீட்டுச் சொல்லுக்கு இடம் கொடுங்கள்

மலையகப் பிள்ளைக்குச் சில சொற்கள் ஏற்கெனவே வேறு பொருளில் நன்றாகத் தெரியும். குழப்பம் அதனால்தான். 'தோட்டம்' என்றால் அவர்களுக்கு லயமும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) ஸ்டோரும் (தேயிலை ஆலை) சேர்ந்த எஸ்டேட். பாடநூலில் பூ வளர்க்கும் சிறு இடம். 'மலை' என்றால் அம்மா கொழுந்து பறிக்கப் போகும் இடம், பாடநூலில் உயர்ந்த நிலம். 'கொழுந்து' தேயிலைக்கு மட்டும் என்று நினைப்பார்கள், வேப்பங்கொழுந்தும் உண்டு. 'பேர்' என்றால் ஆளின் பெயரோடு, செக்ரோலில் (தோட்டத்து வேலைப் பதிவேடு) விழும் நாள் வேலையும்.

இவற்றுக்கு எளிய இரு கிளைப் படம் போதும்: நடுவில் சொல், ஒரு பக்கம் 'வீட்டில்', மறுபக்கம் 'பாடநூலில்', ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனமும் சிறு சித்திரமும். வீட்டுப் பொருளைச் சிவப்பால் வெட்டாதீர்கள். வெட்டினால் பிள்ளை அடுத்த தடவை வாயே திறக்காது. பரீட்சைத் தாளில் எந்தப் பொருள் கேட்கப்படுகிறது என்பதை வசனத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கப் பழக்குங்கள். கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது), தவறணை (தேயிலை நாற்றுமேடை), கொந்தரப்பு (ஒப்பந்த வேலை) போன்ற தோட்டத்துச் சொற்களுக்கும் வருடத்தில் ஓரிரண்டு கட்டம் போடலாம். அங்கே பிள்ளை ஆசிரியராகிவிடும்.

வீட்டுவேலையாகப் பெற்றோரிடம் கட்டத்தை நிரப்பி வரச் சொல்லாதீர்கள். காலையில் பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் இடம்) போன அம்மா மாலையில் களைத்து வருவார். பல வீட்டில் அம்மாயிதான் இருப்பார், எழுத்து வராமல் இருக்கலாம். "இதுக்கு நம்ம வீட்ல என்ன சொல்லுவாங்க?" என்று வாயால் கேட்டுவரும் ஒரு கேள்வி போதும்.

7. நேரம்

திங்கள் ஐந்து சொல்லையும் அறிமுகப்படுத்த 10 நிமிடம். செவ்வாய் முழுக் கட்டம், 35 நிமிடம். புதன், வியாழன் மற்ற நான்கு சொற்களுக்கு ஏணியோ வலையோ கொப்பியிலேயே, நாளுக்கு 15 நிமிடம். வெள்ளி மீட்டல், 10 நிமிடம். பேசும் வேலை முழுவதையும் இடைவேளைக்கு முன் முடியுங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மழை பெரும்பாலும் பிற்பகலில் இறங்கும். தகரக் கூரையில் அது விழுந்தால் உங்கள் குரல் முதல் வாங்குக்கே கேட்காது. எழுதும் வேலையை அந்த நேரத்துக்கு வையுங்கள்.

முதல் இரண்டு வாரம் வகுப்பாக, அடுத்த மூன்று வாரம் சோடியாக, அதன்பிறகே தனியாக. இரண்டாம் வாரமே தனித்தனித் தாள் கொடுத்தால் கெட்டிக்காரப் பிள்ளையின் தாள் வகுப்பு முழுவதும் சுற்றிவரும். தரம் 4உம் 5உம் சேர்ந்த வகுப்பானால் சொல் ஒன்றே. தரம் 4 உதாரண அறைகள் இரண்டையும் நிரப்பிச் சித்திரம் போடட்டும், தரம் 5 நான்கு அறையும் இரண்டு வசனமும்.

8. மீட்டல், கணிப்பீடு, பதிவு

மறுநாள், மறுவாரம், மூன்று வாரம் கழித்து என்று ஒரு சொல் மூன்று தடவை திரும்பிவர வேண்டும். கயிற்றில் 10 சொல்லுக்கு மேல் தொங்கவிடாதீர்கள். அதற்கு மேல் அது அலங்காரம், யாரும் பார்ப்பதில்லை. மீட்டலில் பொருளைக் கேட்காமல் புதிய சந்தர்ப்பம் ஒன்றைச் சொல்லி "எந்த அறை, ஏன்?" என்று கேளுங்கள்.

திருத்தும்போது நான்கு அறைக்கும் புள்ளி போட்டுக்கொண்டிருந்தால் இரவு போய்விடும். உதாரணம் அல்லாததையும் சொந்த வசனத்தையும் மட்டும் பாருங்கள். இரண்டும் பிழை 0, ஒன்று சரி 1, இரண்டும் சரி 2, வசனத்தில் சொல் உருமாறிச் சரியாக வந்திருந்தால் 3. 30 தாளுக்கு 20 நிமிடம்.

பாடக்குறிப்பில் 'சொற்கட்டம் செய்தல்' என்று மட்டும் எழுதினால் மேற்பார்வைக்கு வருபவர் கேள்வி கேட்பார். ஆசிரியர் வழிகாட்டியிலுள்ள தேர்ச்சியை மேலே எழுதி, சொல், படத்தின் வகை, சீட்டுகளின் பட்டியல், மதிப்பிடும் விதம் நான்கையும் குறியுங்கள். பிள்ளைக்கு ஒரு கோப்பு வைத்து, மாதம் ஒரு தாளைத் திகதியோடு சேருங்கள். பெற்றோர் கூட்டத்தில் பெப்ரவரித் தாளையும் ஜூன் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டலாம்.

50 சொல் பட்டியலைத் தவணை முடிவில் சுத்தமாக எழுதி, 2, 3 புள்ளி வராத சொற்களுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளடி போட்டுவிடுங்கள். அவைதான் அடுத்த தவணையின் முதல் வாரம். ஒரு பிரதி அதிபரிடம் இருக்கட்டும். உங்களுக்கு இடமாற்றம் வந்தால், அடுத்து வருபவர் அந்தப் புள்ளடிகளிலிருந்து தொடங்கலாம்.